தேர்ந்தெடுத்தார்களா, வளர்த்தார்களா? துணிகர முதலீட்டைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள்

கூகுள், ஆப்பிள், அமேசான். மூன்றும் தொடக்க காலத்தில் துணிகர முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி வளர்ந்த நிறுவனங்கள். அப்படியானால் பெரிய நிறுவனங்களை உருவாக்குவது துணிகர முதலீடுதான் என்று சொல்லிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு பள்ளிக்கூடம் கடுமையான நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டு முடிவில் "எங்கள் மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறது. அந்த வெற்றி ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்ததால் வந்ததா, வாசலிலேயே சலித்து எடுத்ததால் வந்ததா? விளம்பரத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

துணிகர முதலீட்டைப் பற்றிய கல்வித்துறை ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்தப் பள்ளிக்கூடக் கேள்வியைத்தான் வெவ்வேறு வடிவங்களில் கேட்கின்றன என்பது என் கணிப்பு. கேள்வி எளிது. பதிலைப் பிடிக்க ஆய்வாளர்கள் போட்ட திட்டங்கள்தான் சுவாரசியம்.

முதலில் அடிப்படை. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு வங்கி ஏன் எளிதில் கடன் கொடுப்பதில்லை? அடமானம் வைக்கச் சொத்து இல்லை, காட்ட முந்தைய வரவு செலவுக் கணக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். இன்னொன்றும் உண்டு. தொழில் மூழ்கினால் வங்கியின் பணம் மொத்தமும் போகும். தொழில் நூறு மடங்கு பெருகினாலும் வங்கிக்குக் கிடைப்பது பேசிய வட்டி மட்டும்தான். நஷ்டத்தில் முழுப் பங்கு, லாபத்தில் துளிப் பங்கு என்றால் யார் இறங்குவார்கள்? அதனால் இந்த மாதிரித் தொழிலுக்குக் கடன் பொருந்தாது. பணம் போடுபவர் உரிமையில் பங்கு வாங்கிக்கொள்வதுதான் பொருந்தும். அதுதான் துணிகர முதலீடு.

முதலீட்டாளர் என்றதும் தன் சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுக்கும் கோடீஸ்வரரை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது பிறர் பணம். ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவை ஒரு ஃபண்டில் பணம் போடும். அதை நிர்வகிப்பவர்கள் வழக்கமாக ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில் கட்டணமும், லாபத்தில் 20 சதவீதம் அளவில் பங்கும் எடுத்துக்கொள்வார்கள். ஃபண்டின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டுகள். அதற்குள் வாங்கிய பங்குகளை விற்றுப் பணமாக்கியாக வேண்டும். நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பெரிய நிறுவனம் ஒன்று அதை வாங்க வேண்டும். துணிகர முதலீட்டாளர்கள் எப்போதும் அவசரப்படுவதற்குக் காரணம் இந்தப் பத்து வருடக் கெடுதான்.

நவீன வடிவத்தில் இது 1946-இல் பாஸ்டனில் தொடங்கியது என்று சொல்வார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ தலைமையேற்று நடத்திய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற சிறு கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. அந்தப் பங்கின் மதிப்பு பின்னாளில் 35 கோடி டாலரைத் தாண்டியது. மற்ற முதலீடுகள் எல்லாம் இந்த ஒன்றின் நிழலில் மறைந்துபோயின. இந்தத் தொழிலின் கணக்கு அன்றிலிருந்து இன்றுவரை இதுதான்: பல முதலீடுகள் ஒன்றுமில்லாமல் போகும், ஓரிரண்டு மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும்.

அடுத்து 1979. ஓய்வூதிய நிதிகள் "விவேகமாக" முதலீடு செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டவிதி இருந்தது. ஸ்டார்ட்அப்பில் பணம் போடுவது விவேகமா என்ற குழப்பத்தில் பலரும் ஒதுங்கியே நின்றார்கள். அந்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் துறை, மொத்த நிதியில் ஒரு பகுதியை இப்படிப் போடுவது தவறில்லை என்று விளக்கம் தந்தது. மடை திறந்த மாதிரிப் பணம் வந்தது. இந்த 1979-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொருளாதாரக் கோட்பாடு தொழில்முனைவோரைப் பற்றிப் பேசாமல் இல்லை. பழைய முறையை உடைத்துப் புதிய சேர்க்கையைக் கொண்டுவருபவர் என்று ஜோசப் ஷும்பீட்டர் 1911-இல் சொன்னார். கணக்குப் போட்டுவிடக்கூடிய ஆபத்து வேறு, கணக்கே போட முடியாத நிச்சயமின்மை வேறு, இரண்டாவதைத் தாங்குவதற்குக் கிடைக்கும் கூலிதான் லாபம் என்று 1921-இல் ஃபிராங்க் நைட் பிரித்துக் காட்டினார். ஆனாலும் 1968-இல் வில்லியம் பாமோல், பொருளாதாரக் கோட்பாட்டிலிருந்து தொழில்முனைவோர் காணாமலே போய்விட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இதுவரை யாரும் செய்யாததைச் செய்யும் ஆளை எந்தச் சமன்பாட்டில் அடைப்பது?

கோட்பாட்டாளர்கள் விட்ட இடத்தைத் தரவு வைத்திருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1990-களில் ஆய்வாளர்கள் முதலில் கைவைத்தது ஒப்பந்தங்களில். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. நிறுவனருக்குத் தன் தொழிலின் உள்நிலவரம் தெரியும், பணம் போடுபவருக்குத் தெரியாது. பணம் அடுத்தவருடையது என்றால் நிறுவனர் நம்பிக்கையில்லாத திட்டத்தையும் கொஞ்ச நாள் இழுத்துப் பார்ப்பார். இதற்கு முதலீட்டாளர்கள் கண்டுபிடித்த மருந்து, பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் தவணை தவணையாகக் கொடுப்பது. பால் காம்பர்ஸ் 1995-இல் 794 நிறுவனங்களை ஆராய்ந்து, எங்கே நிலவரத்தைக் கண்காணிப்பது கடினமோ அங்கே தவணைகளுக்கு இடையிலான காலம் குறைவாக இருப்பதைக் காட்டினார். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய எந்திரமும் கட்டடமும் உள்ள தொழிலுக்கு நீண்ட இடைவெளி, ஆராய்ச்சியை மட்டுமே நம்பியிருக்கும் தொழிலுக்கு அடிக்கடி பரிசோதனை.

ஸ்டீவன் கப்ளானும் பெர் ஸ்ட்ரோம்பெர்க்கும் 2003-இல் 119 நிறுவனங்களின் 213 முதலீடுகளுக்கான உண்மையான ஒப்பந்தங்களை வாங்கிப் படித்தார்கள். பணத்தின் மீதான உரிமை, வாக்குரிமை, இயக்குநர் குழுவில் இடம், நிறுவனத்தைக் கலைத்தால் யாருக்கு முதலில் என்ற உரிமை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேரம் பேசப்பட்டிருந்தது. நிறுவனம் சரியாகப் போகாவிட்டால் பிடி முதலீட்டாளர் கைக்குப் போகும். நன்றாகப் போனால் நிறுவனர் கைக்குத் திரும்பும்.

இதில், நிறுவனத்தைக் கலைத்தாலோ விற்றாலோ யாருக்கு முதலில் என்ற உரிமையைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஒரு முதலீட்டாளர் 50 லட்சம் போட்டுக் கால் பங்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கடைசியில் 60 லட்சத்துக்குத்தான் விலைபோகிறது. கால் பங்கு என்றால் அவருக்கு 15 லட்சம்தானே? இல்லை. போட்ட 50 லட்சத்தை அவர் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். முக்கால் பங்கு வைத்திருக்கும் நிறுவனருக்கும் மற்றவர்களுக்கும் மிஞ்சுவது 10 லட்சம்.

செய்தித்தாளில் "இத்தனை நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம்" என்று வரும் எண்ணையும் இதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கடைசியாக வந்த முதலீட்டாளர் ஒரு பங்குக்குக் கொடுத்த விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி அந்த மதிப்பைப் போடுகிறார்கள். ஆனால் அவர் வாங்கியது சலுகைகள் ஒட்டிய பங்கு, ஊழியரிடம் இருப்பது வெறும் பங்கு. இரண்டுக்கும் ஒரே விலையா? வில் கோர்னாலும் இல்யா ஸ்ட்ரெபுலாயெவும் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்புச் சொல்லிக்கொண்ட 135 அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விதிகளைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். சொல்லப்பட்ட மதிப்பு நியாயமான மதிப்பைவிடச் சராசரியாக 48 சதவீதம் அதிகமாக இருந்தது.

சரி, பள்ளிக்கூடக் கேள்விக்கு வருவோம்.

துணிகர முதலீடு பெற்ற நிறுவனங்கள் பெறாதவற்றைவிட நன்றாகச் செய்கின்றன என்பதில் சர்ச்சை இல்லை. தாமஸ் ஹெல்மனும் மஞ்சு பூரியும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஸ்டார்ட்அப்களை ஆராய்ந்தபோது, முதலீடு பெற்றவை சீக்கிரம் சந்தைக்கு வந்தன, ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் திட்டங்களைச் சீக்கிரம் கொண்டுவந்தன, நிறுவனரை நகர்த்திவிட்டு வெளியாளைத் தலைமை நிர்வாகியாக்கும் வேலையும் அங்கே சீக்கிரம் நடந்தது. ஆனால் இவையெல்லாம் சேர்ந்து நடப்பவை. ஒன்றால் இன்னொன்று நடந்தது என்று ஆகிவிடாது.

மோர்டன் சோரன்சன் 2007-இல் இரண்டையும் பிரிக்கப் பார்த்தார். அனுபவசாலி முதலீட்டாளரிடம் நல்ல நிறுவனங்கள் தாமாகவே போய்ச் சேரும். ஆனால் யாருக்கு எது வாய்க்கும் என்பது அவர் திறமையை மட்டும் பொறுத்ததல்ல, அந்தச் சந்தையில் போட்டிக்கு வேறு யார் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. பெரிய ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இடத்தில் நடுத்தர ஆளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். அதே ஆள் வேறோர் இடத்தில் முதல் பந்தியில் உட்காருவார். இந்த வேறுபாட்டை வைத்து அவர் போட்ட கணக்கில் இரண்டுமே உண்மை என்று வந்தது. ஆனால் தேர்வின் பங்கு, உதவியின் பங்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அடுத்தது. ஷாய் பெர்ன்ஸ்டீன், சேவியர் ஜிரூ, ரிச்சர்ட் டவுன்சென்ட் மூவரும் 2016-இல் வெளியிட்டது. அதன் கரு விமானப் பயணம்!

முதலீட்டாளர் ஒரு நகரில் இருக்கிறார், அவர் பணம் போட்ட நிறுவனம் வேறொரு நகரில். அங்கே போக இரண்டு விமானம் மாற வேண்டும், ஒரு நாள் வீணாகும். திடீரென்று ஒரு விமான நிறுவனம் இரண்டு நகரங்களுக்கும் இடையே நேரடிச் சேவை தொடங்குகிறது. இனி காலையில் போய் மாலையில் திரும்பலாம். முதலீட்டாளர் அடிக்கடி எட்டிப் பார்ப்பார். இதில் முக்கியமான விஷயம், பணம் போட்டது முன்பே முடிந்துபோன கதை. சலித்து எடுக்கும் வேலை எப்போதோ நடந்துவிட்டது. மாறியது போய்வரும் சிரமம் மட்டும்தான். அதற்குப் பிறகு நிறுவனம் முன்னேறினால் அது முதலீட்டாளரின் ஈடுபாட்டால் வந்தது என்று சொல்ல இடம் உண்டு.

முன்னேறத்தான் செய்தது. காப்புரிமைகள் கூடின, நிறுவனம் நல்லபடியாக விற்பனையாகும் அல்லது பங்குச்சந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடியது. "அந்த ஊரே வளர்ந்துகொண்டிருந்ததால்தான் விமானமும் வந்தது, நிறுவனமும் வளர்ந்தது" என்று யாராவது சொல்லலாமே? அதற்கும் அவர்கள் தயாராக இருந்தார்கள். அதே ஊரில், வேறிடத்து முதலீட்டாளரைக் கொண்ட, புதிய விமானத்தால் பயனடையாத நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு அப்போதும் நின்றது.

இப்போது 1979-ஐ எடுத்துக்கொள்வோம். சாமுவேல் கோர்ட்டமும் ஜோஷ் லெர்னரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டது தனித்தனி நிறுவனத்தைப் பற்றி அல்ல, மொத்தத் தொழில்துறையைப் பற்றி. துணிகர முதலீடு கூடினால் கண்டுபிடிப்புகள் கூடுமா? இங்கேயும் அதே சிக்கல் உண்டு: புதிய வாய்ப்புகள் தோன்றும்போது பணமும் வரும், கண்டுபிடிப்பும் வரும். 1979-இன் விதி விளக்கம் இங்கே கைகொடுத்தது. ஓய்வூதிய நிதி பற்றிய ஒரு நிர்வாக முடிவுக்கும் அந்த ஆண்டு ஆய்வகங்களில் என்ன நடந்தது என்பதற்கும் தொடர்பில்லை. அவர்களின் கணிப்பில், காப்புரிமைகளை உண்டாக்குவதில் ஒரு டாலர் துணிகர முதலீடு, பெருநிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒரு டாலரைவிடச் சுமார் மூன்று மடங்கு வலிமையானது. காப்புரிமையும் கண்டுபிடிப்பும் ஒன்றல்ல என்பது உண்மைதான். முதலீட்டாளரிடம் காட்டுவதற்காகவே காப்புரிமை வாங்குபவர்களும் இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் இதையும் எண்ணிப் பார்த்து, காப்புரிமைகளின் தரத்தையும் சோதித்தார்கள்.

அப்புறம், முதலீட்டாளர்கள் சலிக்கும்போது எதைப் பார்த்துச் சலிக்கிறார்கள்? ஆளையா, திட்டத்தையா? 885 துணிகர முதலீட்டாளர்களிடம் கேட்ட ஒரு பெரிய கருத்தாய்வில், மற்ற எந்தக் காரணத்தையும்விட ஆள்தான் முக்கியம் என்று அதிகம் பேர் சொன்னார்கள். வாயால் சொல்வது வேறு என்று நினைத்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்டார்ட்அப்களையும் முதலீட்டாளர்களையும் இணைக்கும் ஏஞ்சல்லிஸ்ட் இணையதளத்தில் உள்ள சுமார் 4,500 முதலீட்டாளர்களுக்கு 21 ஸ்டார்ட்அப்களைப் பற்றி மின்னஞ்சல் போனது. சிலருக்கு நிறுவனர்களின் பின்னணி தெரியும்படி, சிலருக்கு விற்பனை விவரம் தெரியும்படி, சிலருக்கு முன்பே பணம் போட்டவர் யார் என்பது தெரியும்படி, குலுக்கல் முறையில். மேலும் அறியக் கிளிக் செய்யத் தூண்டியது நிறுவனர்களைப் பற்றிய தகவல்தான். கிளிக் செய்வது பணம் போடுவது ஆகாது என்பது என் சிறு முணுமுணுப்பு.

ஆனால் கப்ளான், பெர்க் சென்சாய், ஸ்ட்ரோம்பெர்க் மூவரும் 50 நிறுவனங்களை ஆரம்பத் திட்ட அறிக்கையிலிருந்து பங்குச்சந்தைவரை பின்தொடர்ந்தபோது வேறு படம் தெரிந்தது. தொழில் பெரிதாக மாறவில்லை, ஆட்கள்தான் நிறைய மாறியிருந்தார்கள். அப்படியானால் குதிரைதான் முக்கியம், ஓட்டுபவர் அல்ல என்று முடிவு கட்டலாமா? அந்த 50-உம் பங்குச்சந்தையை எட்டியவை என்பதைக் கவனியுங்கள். தேர்ச்சி பெற்ற மாணவர்களிடம் மட்டும் கேட்டு எழுதிய பட்டியல் அது. ஆய்வாளர்களுக்கே இது தெரியும், மேற்கோள் காட்டுபவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

தோற்றவர்கள் கணக்கில் வராமல் போவது இந்தத் துறையின் தீராத தலைவலி. ஜான் காக்ரேன் 2005-இல் இதை எண்ணாலேயே காட்டினார். ஒரு முதலீட்டின் விலை நமக்குத் தெரிவது எப்போது? அடுத்த சுற்றுப் பணம் வரும்போது, பங்குச்சந்தைக்குப் போகும்போது, விற்கப்படும்போது. எல்லாம் நல்ல செய்தி வரும் நேரங்கள். சத்தமில்லாமல் தேய்பவற்றுக்கு விலைப்பட்டியலே கிடையாது. தெரிந்த விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுச் சராசரி வருமானம், மடக்கை (லாகரிதம்) அளவில், 108 சதவீதம் என்று வந்தது. விடுபட்டவற்றுக்கு ஈடுசெய்ததும் அது 15 சதவீதமாக இறங்கியது. நூற்று எட்டு எங்கே, பதினைந்து எங்கே!

நிறுவனர்களின் பக்கமும் இதே நிலைதான். ராபர்ட் ஹாலும் சூசன் உட்வர்டும் 2010-இல் கணக்கிட்டபடி, துணிகர முதலீடு பெற்ற நிறுவனங்களின் தொழில்முனைவோருக்கு இறுதியில் கிடைத்தது சராசரியாக 58 லட்சம் டாலர். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேருக்குக் கிடைத்தது பூஜ்யம். மிகச் சிலருக்குக் கிடைத்த பெருந்தொகைதான் சராசரியைத் தூக்கிப்பிடிக்கிறது.

இளம் வயதுக்காரர் கல்லூரியைப் பாதியில் விட்டு உலகை மாற்றினார் என்ற கதையும் இப்படிப்பட்டதுதான். பியர் அசூலேயும் கூட்டாளிகளும் அமெரிக்க அரசுப் பதிவேடுகளிலிருந்து 27 லட்சம் நிறுவனர்களை எடுத்துப் பார்த்தார்கள். மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. ஐம்பது வயதுக்காரர் அந்த உயரத்தைத் தொடும் வாய்ப்பு முப்பது வயதுக்காரரைப்போல 1.8 மடங்கு.

இவ்வளவு நேரம் பேசியது மிகச் சிறிய கூட்டத்தைப் பற்றி. மஞ்சு பூரியும் ரெபெக்கா ஜருட்ஸ்கியும் காட்டியபடி, 1981 முதல் 2005 வரை அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்களில் துணிகர முதலீடு பெற்றவை 0.11 சதவீதம்தான். வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு 4 முதல் 5.5 சதவீதம் என்பதால் சிறுகூட்டம் என்று ஒதுக்கவும் முடியாது. ஆனால் மிச்சமுள்ள பெரும்பாலோருக்கு என்ன உதவும் என்பது வேறு கேள்வி. நல்லவேளையாக அங்கே உண்மையான குலுக்கலே போட முடிந்திருக்கிறது.

நைஜீரியாவில் 2011-இல் அரசு நடத்திய தொழில் திட்டப் போட்டிக்கு ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். வென்ற 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர். அவர்களில் 700-க்கும் மேற்பட்டோர் அரையிறுதிக்கு வந்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கப்பட்டவர்கள். குலுக்கல் என்பதால் சலித்து எடுத்த பேச்சுக்கே இடமில்லை. டேவிட் மெக்கென்ஸி ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், பத்தோ அதற்கு மேலோ ஊழியர்களைக் கொண்ட நிறுவனமாக வளரும் வாய்ப்பு வென்றவர்களுக்கு 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியிருந்தது.

அதற்கு முன்பே அவரும் சுரேஷ் டி மெல், கிறிஸ்டோபர் வுட்ரஃப் இருவரும் இலங்கையில் மிகச் சிறு தொழில் செய்பவர்களுக்குக் குலுக்கல் முறையில் 100 அல்லது 200 டாலர் அளவு உதவி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மூலதனம் ஆண்டுக்கு 55 சதவீதத்துக்கும் மேல் வருமானம் ஈட்டியது. ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி வருமானம் ஏதும் தெரியவில்லை. பெண்களுக்குத் தொழில் திறமை குறைவா என்ற கேள்வி பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. 2019-இல் ரோகிணி பாண்டே உள்ளிட்ட நால்வர் இந்தியா, இலங்கை, கானா ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளை மறுபடி எடுத்து, பெண்ணின் தொழிலை மட்டும் பார்க்காமல் வீட்டின் மொத்த வருமானத்தைப் பார்த்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த பணம் பல வீடுகளில் கணவர் நடத்தும் தொழிலுக்குப் போயிருந்தது. பணம் ஆணிடம் கொடுக்கப்பட்ட வீடுகளில் வருமானம் எவ்வளவு கூடியதோ, இந்த வீடுகளிலும் அதே அளவு கூடியிருந்தது.